யாருடைய கண்ணுக்குத் தெளிவு? மின் கடத்தும் கண்ணாடியின் கதை

உங்கட கையில இருக்கிற போனின் திரையை ஒருக்கால் பாருங்கோ. பெரும்பாலான போன்களில் அந்தக் கண்ணாடியோடு ஒட்டி ஒரு படலம் இருக்கும். தலைமயிரை விடப் பல நூறு மடங்கு மெல்லியது. அதனூடாக மின் ஓடுகிறது. உங்கள் விரல் எங்கே தொட்டது என்பதை அதுதான் போனுக்குச் சொல்கிறது. ஆனால் அது உங்கள் கண்ணுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அதன் வேலையே.

கொஞ்சம் யோசித்தால் இது விசித்திரமான சாமான். மின்னை நன்றாகக் கடத்துகிற பொருட்களை எல்லாம் வரிசையாக வைத்துப் பாருங்கோ: செப்பு, வெள்ளி, அலுமினியம். ஒன்றுக்குள்ளாலும் மற்றப் பக்கம் தெரியாது. ஒளியை நன்றாக விடுகிற பொருட்களை எடுத்தால் கண்ணாடி, வைரம், உப்புக்கல். ஒன்றிலும் மின் ஓடாது. இந்த இரண்டு குணத்தையும் ஒரே படலத்தில் சேர்த்து வைக்க மனிதர் நூறு வருடத்துக்கு மேலாகப் பாடுபட்டு வருகிறார்கள். அந்தப் பாட்டின் வரலாற்றைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம். அதோடு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. 'தெளிவான' படலம் என்கிறோமே, அது யாருடைய கண்ணுக்குத் தெளிவு?

கண்ணுக்குத் தெரியாத ஒளி

1800ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வில்லியம் ஹேர்ஷல் சூரிய ஒளியை ஓர் அரியத்தினூடாக அனுப்பி நிறங்களாகப் பிரித்தார். ஹேர்ஷல் இசைக்கலைஞராகத் தொடங்கி வானியலுக்கு வந்தவர். யுரேனஸ் கோளை 1781இல் கண்டவரும் அவர்தான். ஒவ்வொரு நிறத்திலும் எவ்வளவு வெப்பம் இருக்கிறது என்று வெப்பமானி வைத்து அளந்தார். ஊதாவில் இருந்து சிவப்பை நோக்கிப் போகப்போக வெப்பம் கூடியது. சிவப்பையும் தாண்டி, ஒரு நிறமும் விழாத இடத்தில் வெப்பமானியை வைத்தபோது அது இன்னும் மேலே ஏறியது.

அங்கே ஏதோ ஒன்று விழுந்துகொண்டிருந்தது, எங்கள் கண்ணுக்குத்தான் அகப்படவில்லை. அதைத்தான் எங்கட பள்ளிக்கூடப் புத்தகங்கள் செங்கீழ்க்கதிர் என்கின்றன. தமிழ்நாட்டில் அகச்சிவப்பு என்பார்கள். கண் காண்பது ஏறத்தாழ 0.4 முதல் 0.7 மைக்ரோமீற்றர் வரையான அலைநீளங்களை மட்டும். அதற்கு அப்பால் பெரிய உலகமே இருக்கிறது. இணையத்தைச் சுமக்கும் ஒளியிழைகளில் பெருமளவு தகவல் 1.55 மைக்ரோமீற்றரில் ஓடுகிறது. உயிருள்ள மனித உடல் இரவும் பகலும் வீசுகிற ஒளி 10 மைக்ரோமீற்றர் அளவில்தான் கூடுதலாக இருக்கிறது. ஓம், நாங்கள் எல்லோரும் ஒளிவீசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

உலோகம் ஏன் மினுங்குது?

இந்தக் கதையின் அடிப்படைச் சிக்கலை விளங்கிக்கொள்ள 1900க்குப் போகவேண்டும். இலத்திரன் கண்டுபிடிக்கப்பட்டு மூன்றே வருடம். ஜேர்மன் பௌதிகவியலாளர் பவுல் துரூடே, உலோகத்துக்குள் இலத்திரன்கள் கட்டுப்பாடில்லாமல் அலையும் ஒரு கூட்டமாக இருக்கின்றன என்று வைத்துக் கணக்குப் பார்த்தார். பிற்காலத்தில் அந்தக் கணக்கு பல இடங்களில் திருத்தப்பட்டது. ஆனால் அது தந்த படம் இன்றைக்கும் உதவுகிறது.

ஒளி என்பது ஆடிக்கொண்டிருக்கும் மின்புலம். அது வந்து மோதும்போது இலத்திரன் கூட்டமும் அதோடு சேர்ந்து ஆடப்பார்க்கிறது. ஆட்டம் மெதுவாக இருந்தால் கூட்டம் ஈடுகொடுத்து ஆடி ஒளியைத் திருப்பி எறிந்துவிடும். ஆட்டம் மிக வேகமாக இருந்தால் கூட்டத்தால் தொடர்ந்துபோக ஏலாது, ஒளி உள்ளே போய்விடும். இரண்டுக்கும் நடுவில் ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லையைத் தீர்மானிப்பதில் முதலிடம் இலத்திரன்களின் எண்ணிக்கைக்கு. கூட்டம் பெருக்கப் பெருக்க, அது திருப்பி எறியக்கூடிய ஒளியின் வீச்சும் பெருக்கும்.

ஒரு கன சென்ரிமீற்றர் செப்பில் கட்டற்ற இலத்திரன்கள் ஏறத்தாழ 8.5 × 10²². அவ்வளவு பேர் இருந்தால் கண் காணும் ஒளியில் பெரும்பகுதி திரும்பித்தான் வரும். அதுதான் உலோகத்தின் மினுக்கம். கூட்டத்தை நூறில் ஒரு பங்காகக் குறைத்தால் எல்லை செங்கீழ்ப் பக்கம் நகரும். அப்போது கண்ணுக்குரிய ஒளி புகுந்து போகும், மின்னும் ஓரளவு ஓடும். மின் கடத்தும் கண்ணாடி என்ற எண்ணத்தின் முழு உயிரும் இந்த ஓர் இடைவெளியில்தான் இருக்கிறது.

வழிகாட்டி நூல் குடும்பத்துப் பேரன்

முதலாவது தெளிவான கடத்திப் படலத்தைச் செய்தவர் என்று வரலாறு சொல்வது கார்ல் பேடக்கரை. ஐரோப்பியப் பயணிகளின் கையில் இருந்த புகழ்பெற்ற 'பேடக்கர்' வழிகாட்டி நூல்களை வெளியிட்ட குடும்பத்தின் பேரன். 1907இல் அவர் வெளியிட்ட ஆய்வில், கண்ணாடி மேல் மெல்லிய கட்மியப் படலத்தைப் படியவைத்து, காற்றில் சூடாக்கி ஒட்சைட்டாக மாற்றினார். உலோகம் தெளிவானது. ஆனால் மின் கடத்துவதை அது விடவில்லை. செப்பு அயடைட்டுப் படலத்தை அயடீன் ஆவியில் காட்டினால் அதன் கடத்தும் திறன் மாறுகிறது என்பதையும் கண்டார். ஒரு பொருளுக்குள் கொஞ்சம் வேறு பொருளைச் சேர்த்து அதன் குணத்தை மாற்றுவதை இன்று மாசூட்டல் என்கிறோம். இன்றைய முழு இலத்திரனியலும் அதன் மேல்தான் நிற்கிறது.

1914 ஓகஸ்டில், முதலாம் உலகப் போரின் தொடக்க நாட்களில், பெல்ஜியத்தின் லியேஜ் முற்றுகையில் பேடக்கர் கொல்லப்பட்டார். 37 வயது. அவர் தொடங்கிய வேலையைத் தூக்கி நிறுத்தியது இன்னொரு போர்.

போர் கேட்ட கண்ணாடி

இரண்டாம் உலகப் போரில் விமானங்கள் உயர உயரப் பறந்தன. அந்த உயரத்தின் குளிரில் விமானியின் முன்கண்ணாடி பனி பிடித்தும் மூடுபனி படிந்தும் மறைந்தது. கண்ணாடியைச் சூடாக்கவேண்டும், ஆனால் அதற்கு மேல் கம்பி ஓட்டினால் பார்வை கெடும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு கண்ணாடி நிறுவனத்தில் வேலை செய்த பௌதிகவியலாளர் ஹரல்ட் மக்மாஸ்டர் போன்றவர்கள் இதற்கு வழி கண்டார்கள். சூடான கண்ணாடி மேல் வெள்ளீயக் குளோரைட்டுக் கரைசலை விசிறினால் வெள்ளீய ஒட்சைட்டு மெல்லிய படலமாகப் படியும். அதற்கு மின் கொடுத்தால் முழுக் கண்ணாடியும் சூடாகும். 1940களில் இது காப்புரிமையும் பெற்றது.

அதே தசாப்தத்தின் பிற்பகுதியில் கோர்னிங் கண்ணாடி நிறுவனத்தின் ஜோன் மொக்கெல், இந்தியம் ஒட்சைட்டுக்குள் கொஞ்சம் வெள்ளீயத்தைச் சேர்த்தால் இன்னும் நல்ல படலம் வரும் என்று காட்டினார். (இந்தியா நாட்டுக்கும் இந்த உலோகத்துக்கும் நேரடி உறவில்லை. 1863இல் ஜேர்மனியின் ஃப்ரைபேர்க்கில் பேர்டினண்ட் ரைஷும் தியடோர் ரிக்டரும் நாகத் தாதுவுக்குள் இதைக் கண்டார்கள். நிறமாலையில் தெரிந்த அவுரி நீலக் கோட்டை வைத்து 'இண்டிகோ' என்ற சொல்லில் இருந்து பெயர் வைத்தார்கள். ரைஷுக்கு நிறக்குருடு. கோட்டைப் பார்த்துச் சொன்னது ரிக்டர்.) இந்த வெள்ளீயம் சேர்த்த இந்தியம் ஒட்சைட்டுத்தான் பிறகு கல்குலேற்றர், மடிக்கணினி, தட்டைத் தொலைக்காட்சி, போன் என்று எல்லாத் திரையிலும் ஏறி உட்கார்ந்தது.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். விமானி, கல்குலேற்றர்காரர், தொலைக்காட்சி பார்ப்பவர் எல்லோரும் கேட்டது ஒரே விதமான தெளிவு. மனிதக் கண்ணுக்குத் தெளிவு. செங்கீழ்க்கதிர் போகுதோ இல்லையோ எண்டு கேட்க ஆளில்லை. வெள்ளீயம் சேர்த்த இந்தியம் ஒட்சைட்டின் எல்லை பொதுவாக 1 முதல் 2 மைக்ரோமீற்றருக்குள் வரும். அதற்கு அப்பால் அது தெளிவான படலமே இல்லை, மினுங்கும் உலோகத் தகடு மாதிரித்தான்.

அந்தக் குறையையே சிலர் நன்மையாக்கினார்கள். ஐரோப்பியத் தெருக்களில் மஞ்சளாக எரிந்த தாழமுக்கச் சோடியம் விளக்குக்கு உள்குழாய் ஏறத்தாழ 260 பாகை செல்சியசில் இருந்தால்தான் நல்ல வெளிச்சம் வரும். வெளிக்குமிழின் உட்பக்கம் இந்தப் படலத்தைப் பூசினார்கள். மஞ்சள் ஒளி வெளியே போனது, வெப்பம் மட்டும் உள்ளே திரும்பி வந்தது. குளிர்நாட்டு வீடுகளின் யன்னல் கண்ணாடியிலும் இதே தந்திரம்தான். வெயில் உள்ளே வரும், அறையின் சூடு வெளியே போகாது. ஆக, முதல் அரை நூற்றாண்டில் செங்கீழ்க்கதிர் ஒன்றில் கவனிக்கப்படாத ஒன்று, இல்லையென்றால் தடுக்கப்படவேண்டிய ஒன்று.

கேள்வி மாறியபோது

பிறகு செங்கீழ்க்கதிரையே வேலைக்கு எடுத்தவர்கள் வந்தார்கள். தொலைத்தொடர்புக்காரருக்கு 1.55 மைக்ரோமீற்றர் ஒளியை மின்னால் கட்டுப்படுத்தும் கருவிகள் வேண்டும். சூரியக்கலம் செய்பவருக்கு, சிலிக்கன் ஏறத்தாழ 1.1 மைக்ரோமீற்றர் வரை உறிஞ்சக்கூடிய ஒளியில் ஒரு துளியும் மேற்படலத்தில் வீணாகக் கூடாது. இராணுவத்துக்கு, 3–5, 8–12 மைக்ரோமீற்றர் வீச்சுகளில் வெப்பத்தைப் பார்க்கும் கமராவின் யன்னல் வேண்டும். அந்த யன்னல் பனியை உருக்கவேண்டும், வெளியே இருந்து வரும் ரேடியோ அலைகளைத் தடுக்கவேண்டும், அதே நேரம் வெப்பக் கதிரை மட்டும் உள்ளே விடவேண்டும்.

அந்தக் கடைசித் தேவையை எங்களால் சும்மா கடந்துபோக முடியவில்லை. ஆளில்லா விமானத்துக்கு வன்னிச் சனம் 'வண்டு' எண்டு பெயர் வைச்சது. அப்படியான விமானங்கள் உலகெங்கும் சுமப்பது இருட்டிலும் உடல் வெப்பத்தைப் பார்க்கிற கமராக்களைத்தான். தெளிவு என்ற சொல் எப்போதும் ஒரு பக்கத்தில் நின்றுதான் சொல்லப்படுகிறது. மேலே இருந்து பார்ப்பவருக்குத் தெளிவு. கீழே இருப்பவருக்கு வெறும் இரைச்சல்.

சரி, தொழில்நுட்பத்துக்கு வருவோம். செங்கீழ்க்கதிரை விடவேண்டும் என்றால் இலத்திரன் கூட்டத்தைக் குறைக்கவேண்டும். குறைத்தால் மின் ஓட்டம் படுத்துவிடும். அப்ப என்ன செய்யலாம்?

ஓர் ஒழுங்கையால் ஒரு மணித்தியாலத்தில் நூறு மூட்டை அரிசி கடத்தவேண்டும் என்று வையுங்கோ. நூறு பேரை இறக்கலாம். ஒருவரை ஒருவர் முட்டி, கல்லில் தடக்கி மெதுவாகப் போவார்கள். இல்லாவிட்டால் ஒழுங்கையைத் துப்புரவாக்கி ஐம்பது பேரை இரண்டு மடங்கு வேகத்தில் விடலாம். சேருகிற மூட்டை ஒன்றுதான். மின் கடத்தலும் இப்படித்தான். எத்தனை இலத்திரன், ஒவ்வொன்றும் எவ்வளவு இலகுவாக ஓடுகிறது என்ற இரண்டின் பெருக்கம் அது. எண்ணிக்கையைப் பாதியாக்கி ஓடுதிறனை இரட்டித்தால் கடத்தல் மாறாது. ஆனால் துரூடேயின் கணக்கின்படி படலம் உறிஞ்சுகிற செங்கீழ்க்கதிர் ஏறத்தாழ நாலில் ஒரு பங்காகக் குறையும். கூட்டத்தைப் பெருக்காமல் பாதையைத் துப்புரவாக்கு: இந்தத் துறையின் வடிவமைப்பு முழுவதையும் இந்த ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

பாதையில் கல் போடுவது யார்? பெரும்பாலும் நாங்கள் சேர்க்கும் மாசு அணுவேதான். வெள்ளீய அணு ஒன்று ஓர் இலத்திரனைத் தந்துவிட்டு, ஏற்றம் கொண்ட முட்டுக்கட்டையாகப் பாதையிலேயே நின்றுவிடும். 2001இல் சீனாவின் ஃபூடான் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு வெள்ளீயத்துக்குப் பதிலாக மொலிப்டினத்தைச் சேர்த்தது. ஓர் அணுவே ஒன்றுக்கு மேற்பட்ட இலத்திரன்களைத் தரக்கூடும் என்பதால் குறைந்த மாசு அணுக்கள் போதும். ஓடுதிறன் கூடியது. 2007இல் ஜப்பானில் கொய்தாவும் அவரது சகாக்களும், படலம் படியும்போது கொஞ்சம் நீராவியை விட்டு ஐதரசனைச் சேர்த்தார்கள். பிறகு 200 பாகையளவில் சூடாக்கியபோது ஒழுங்கற்ற படலம் பெரிய பளிங்குகளாக மாறியது. வழமையான படலத்தில் 20–50 அளவில் நிற்கிற ஓடுதிறன் 100ஐத் தாண்டியது. சூரியக்கலக்காரர்கள் இதை உடனே கவனித்தார்கள்.

வேறு வழியில் போனவர்களும் உண்டு. மைக்ரோவேவ் அடுப்பின் கதவில் துளைத்துளையான உலோக வலை இருக்கும், பார்த்திருப்பீங்கள். 12 சென்ரிமீற்றர் நீள அலை அந்தத் துளையால் வெளியே வராது, ஒளி வரும். அதே யோசனையை மிக நுண்ணிய கம்பிகளால் செய்து செங்கீழ் யன்னல்களில் பதிக்கிறார்கள். 2004இல் புளோரிடாப் பல்கலைக்கழகக் குழு ஒன்று காபன் நுண்குழாய்களால் 50 நானோமீற்றர் படலம் செய்தது. 2 முதல் 5 மைக்ரோமீற்றர் வரை அது நன்றாகவே ஒளியை விட்டது.

கணக்கில் வராதவர்கள்

சொல்லவேண்டிய இன்னொரு வரலாறும் இருக்கிறது. ஓடுதிறனில் சிறந்த ஒட்சைட்டுகளில் ஒன்று, பேடக்கர் 1907இல் எடுத்த அதே கட்மிய ஒட்சைட்டு. 2015இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதற்குள் டிஸ்புரோசியத்தைச் சேர்த்து 300–500 வரை ஓடுதிறனைக் காட்டினார்கள். செங்கீழ்க்கதிருக்கு இது பொன்னான பொருள். ஆனால் கட்மியம் நஞ்சு.

ஜப்பானில் ஜின்சு ஆற்றின் மேல்பகுதியில் இருந்த கமியோக்கா சுரங்கம் நாகம் எடுத்தது. அதன் கழிவில் இருந்த கட்மியம் ஆற்றில் கலந்து, வயலில் ஏறி, சோற்றில் வந்தது. கூடுதலாகப் பாதிக்கப்பட்டவர்கள் வயது போன பெண்கள். எலும்பு முறியும் வலியில் அவர்கள் கத்தியதுதான் நோயின் பெயரே ஆனது: 'இத்தாய் இத்தாய்'. வலிக்குது, வலிக்குது. 1968இல்தான் அரசு அதைக் கட்மியத்தால் வந்த நோய் என்று ஏற்றுக்கொண்டது. மெல்லிய படலத்துக்காக நடந்த அழிவு இல்லை அது. ஆனால் கட்மியம் எங்கே இருந்து வருகிறது என்று அது சொல்கிறது. நாகத் தாதுவின் பக்க விளைபொருளாக. இந்தியமும் அதே நாகத்தின் பக்க விளைபொருள்தான்.

இந்தியத்துக்கும் ஆள் போனது. படலம் செய்ய முதலில் வெள்ளீயம் சேர்த்த இந்தியம் ஒட்சைட்டைத் தகடாகச் சுட்டு, அரைத்து மட்டமாக்கவேண்டும். அந்தத் தூசி ஆபத்தில்லை என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 2001இல் ஜப்பானில் இந்த அரைக்கும் வேலை செய்த ஓர் இளம் தொழிலாளி நுரையீரல் நோயால் இறந்தார். 2003இல் மருத்துவர்கள் அதைப் பதிவு செய்தார்கள். அதன் பிறகுதான் மற்றத் தொழிலாளர்களின் நுரையீரலையும் பார்க்கத் தொடங்கினார்கள். நாங்கள் விரலால் தடவுகிற அந்தத் தெளிவுக்குப் பின்னால் அந்தத் தூசியும் இருக்கு.

எங்கட காரீயம்

இலங்கை வாசகர்களுக்கு இந்தக் கதையில் ஒரு சொந்த இடமும் உண்டு. 2004இல் மான்செஸ்டரில் அந்திரே கெய்மும் கொன்ஸ்தாந்தின் நவசியோலொவும் ஒட்டும் ரேப்பால் காரீயத்தை உரித்து உரித்து ஓரணுத் தடிப்புள்ள கிராபீனைப் பிரித்தெடுத்தார்கள். 2010இல் நோபல் பரிசு. ஒரு படை கிராபீன் உறிஞ்சும் ஒளி 2.3 வீதம் மட்டும். கண் காணும் ஒளியிலும் அப்படி, அண்மைச் செங்கீழிலும் ஏறத்தாழ அப்படியே. உலகிலேயே தூய்மையான நரம்புக் காரீயம் கிடைக்கும் இடம் இலங்கை. போகல, கஹட்டகஹ சுரங்கங்கள் இன்றும் இருக்கின்றன. முதலாம் உலகப் போர்க் காலத்தில் உலோகம் உருக்கும் மூசைகளுக்கு எங்கட காரீயம் கப்பல் கப்பலாகப் போனது. முதலாவது பிரதமர் டி. எஸ். சேனநாயக்காவின் தகப்பன் டொன் ஸ்பேட்டர் சேனநாயக்கா செல்வம் சேர்த்ததும் காரீயத்தில்தான். சுரங்கத்துக்குள் இறங்கியவர்களின் பெயர்கள் அந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது.

இதை வைத்து, 'எங்கட மண்ணில கிராபீன் இருக்கு, நாடு பணக்கார நாடாகப்போகுது' என்கிற கதையை அடிக்கடி கேட்கிறோம். கொஞ்சம் பொறுங்கோ. பெரிய அளவான தெளிவான கிராபீன் படலத்தைக் காரீயத்தில் இருந்து உரிப்பதில்லை. 2009இல் ரெக்சாஸ் ஆய்வாளர்கள் காட்டிய வழியில், செப்புத் தாளின் மேல் மெதேன் வாயுவில் இருந்து வளர்க்கிறார்கள். அதற்குச் சுரங்கம் தேவையில்லை. உலையும், வெற்றிடக் கருவியும், வருடக்கணக்கில் பொறுமையாக இருக்கவிடப்படும் ஆய்வாளர்களும் தேவை. காரீயத்தை உரித்து வரும் கிராபீனுக்கு வேறு நல்ல பயன்கள் இருக்கின்றன. ஆனால் மூலப்பொருள் இருந்தாலே போதும் என்று நம்பி, மூட்டையாகக் கட்டி அனுப்பிய அனுபவம் எங்களுக்கு ஏற்கெனவே ஒருமுறை கிடைத்திருக்கிறது.

நூறு வருட வரலாற்றில் இருந்து நாங்கள் எடுத்துக்கொள்வது இதைத்தான். மின்னையும் ஒளியையும் முழுமையாகத் தரும் மந்திரப் பொருள் ஒன்றும் கிடைக்கவில்லை. எந்த அலைநீளத்தை விடுவது, எவ்வளவு தடையைப் பொறுப்பது, எந்த நஞ்சை ஏற்பது, அந்தத் தூசியை யார் சுவாசிப்பது என்ற பேரம் ஒவ்வொரு முறையும் நடந்திருக்கிறது. அந்தப் பேரத்தில் விமானப்படை இருந்தது, தொலைக்காட்சிக் கம்பனி இருந்தது, தொலைத்தொடர்பு இருந்தது. ஜின்சு ஆற்றங்கரைப் பெண்கள் இல்லை. அரைக்கும் இயந்திரத்துக்கு முன்னால் நின்றவர் இல்லை.

பல்கலைக்கழகத்தில் பொருளறிவியல் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை ஒரு புதிய படலம் 'தெளிவானது, பாதுகாப்பானது, மலிவானது' என்று எழுதப்பட்டிருந்தால் மூன்று சொல்லுக்கும் பக்கத்தில் ஒரே கேள்வியை எழுதி வையுங்கோ: யாருக்கு?